பத்தொன்பதாவது விநாடி

ஈஸ்வரி போனில் கூப்பிட்டபோது நான் பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில், உக்கடம் போகும் வண்டியில் ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். மடியில் லேப்டாப் பை. கையில் வேர்க்கடலைப் பொட்டலம், சூடு இன்னும் ஆறவில்லை. டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க மேடம், குரூப்புல படம் பாத்தேனுங்க. வட்டம் போட்டிருக்கறது எங்க ஊட்டுப் புழுவோடதுங்களா?”

“ஆமாங்க அம்மணி. பெப்ரின் நோய்னுதான் தெரியுது. வெச்சிருக்கக் கூடாதுங்க. இன்னைக்கே எரிச்சுப்போடுங்க.”

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்துவது கேட்டது.

“இன்னைக்கு முடியாதுங்க மேடம்.”

“ஏனுங்க?”

“தூங்கிட்டு இருக்குதுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அதை முன்னால் அனுப்பிவிட்டு மூளை சாவகாசமாகப் பின்னால் வரும். “நோய் தூங்குமாங்க அம்மணி? பக்கத்து ஷெட்டுக்குப் பரவுச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று பேருந்தே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டேன்.

ஈஸ்வரி குரலை உயர்த்தவில்லை. “தெரியுமுங்க மேடம். முழிச்சு ஒரு வேளை தின்னுக்கட்டுமுங்க. நாளைக்கு மத்தியானம் நானே எரிச்சுப்போடறேன். பட்டினியா அனுப்ப மனசு வரலீங்க.”

வண்டி கிளம்பியது. வேர்க்கடலையை நான் தின்னவில்லை.

புழுவின் தூக்கம்

பட்டுப்புழு வளர்ப்பு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, கூடு கட்டுவதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு நாள் இலை தொடாது. தலையைத் தூக்கிவைத்துக்கொண்டு அப்படியே அசையாமல் கிடக்கும். அதைத்தான் தூக்கம் என்பார்கள். அந்த நேரத்தில் தட்டில் சுண்ணாம்புத் தூள் தூவி விட்டுவிடுவார்கள். தட்டை அசைக்க மாட்டார்கள். சில வீடுகளில் ஷெட்டுக்குள் உரக்கப் பேசக்கூட விடமாட்டார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவே மல்பெரி போட்டுப் புழு வளர்க்கும் குடும்பங்கள் நிறைய. பழனிச்சாமி என்பவர் அங்கே இளம்புழு மையம் வைத்திருந்தார். முட்டையைப் பொரிக்க வைத்து, முதல் இரண்டு தூக்கம் முடியும்வரை வளர்த்து, மற்ற விவசாயிகளுக்குக் கொடுக்கும் இடம். மையத்தை ஒட்டிய சின்ன அறைதான் என் பரிசோதனைக் கூடம். வாரத்துக்கு மூன்று நாள் கோவையிலிருந்து போய் வருவேன். கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று இதற்கு ஒப்புக்கொண்டேன்.

என் வேலை ஒன்றே ஒன்று. பெப்ரின் என்ற நோய் புழுவில் இருக்கிறதா, இல்லையா? அதற்கு மருந்து கிடையாது. இருந்தால் அத்தனை புழுவையும் எரித்துவிட்டு ஷெட்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டியதுதான். சந்தேகப்படும் புழுவை ஒரு கரைசலில் நசுக்கி, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நோய்க்கிருமி நீள்வட்டமாக, பளபளவென்று, அரிசியைச் சின்னதாக்கின மாதிரி இருக்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு நானும் பிறகுதான் நினைத்தேன்.

காந்திபுரத்தில் வாங்கிய கண்

முதல் வருடம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கண்ணால்தான் பார்த்தேன். கழுத்து போய்விட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, நான் சொல்வதை யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. “நோய் இருக்குதுங்க” என்றால், “எங்கீங்க, காட்டுங்க” என்பார்கள். காட்டினால், தங்கள் கண்ணிமையை மட்டும் பார்த்துவிட்டு, “கருப்பா ஏதோ தெரியுதுங்க” என்பார்கள்.

ஒரு நாள் காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் தெருவில் ஏறி இறங்கி, மைக்ராஸ்கோப்பின் குழாயில் செருகுகிற கேமரா ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் கேட்டார்: “ஊட்டு வாசலுக்கு மாட்டறதுங்களா, காட்டுக்குங்களா?”

“புழுவோட வயித்துக்குங்க” என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் ராஜ்ஜியம். லேப்டாப் திரையில் சொட்டு முழுக்க ஓடும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் வீடியோ பதிவு செய்வேன். நல்ல இடமாக வரும்போது நிறுத்தி, அந்த ஒரு காட்சியைப் படமாக எடுத்து, கிருமியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பிவிடுவேன். படம் வந்தபிறகு ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கு ‘வட்டம் மேடம்’ என்று பெயர் வைத்தார்கள். கோபப்படுவது போல நடித்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

கல்லூரியில் இருந்தபோது இந்த வசதி ஏது? பென்சிலால் வரைய வேண்டும். குளத்து நீரில் ஓடும் ஒரு உயிரை வரைய இருபது நிமிடம் அதன் பின்னால் கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது திரும்பும், உருளும், பக்கவாட்டில் வேறு உருவம் காட்டும். படம் கோணலாக வரும், ஆனால் அந்த உயிரை நன்றாகத் தெரிந்துவிடும். நான் வரைந்ததெல்லாம் கத்தரிக்காய் போலத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளத்துத் தண்ணீர்

கேமரா வாங்கிய புதிதில் அதை எங்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்று அலைந்தேன். எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாவில் கண்காட்சி வைத்தார்கள். உக்கடம் பெரிய குளத்திலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவந்து, அதிலிருந்த உயிர்களையெல்லாம் படம் படமாக எடுத்து, பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். கோயில் வேலைகளைக் கவனிக்கும் சூசை அண்ணன் அதைப் பார்த்ததிலிருந்து ஒரு வாரம் வெந்நீர்தான் குடித்தார்.

பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அம்மா மட்டும் படங்களின் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். “ஏனுங்க ஸ்டெல்லா, இதெல்லாம் செத்ததுங்களா?”

“இல்லீங்கம்மா, உசுரோட இருந்ததுங்க. ஓடிட்டு இருந்ததை நிறுத்திப் படம் எடுத்தேன்.”

“பாத்தா செத்த மாதிரியே இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜி வாங்கப் போய்விட்டார்கள். நான் சிரித்தேன். அந்தச் சொல்லுக்குள் இருந்தது அன்று எனக்கு எட்டவில்லை.

பெரிதாக ஒரு படம்

ஈஸ்வரிக்கு வருகிறேன்.

அந்தத் தடவை அவருடைய ஷெட்டில் சில புழுக்கள் சின்னதாக இருந்தன. மற்றவை தூங்கப் போனபிறகும் அவை மட்டும் இலையைச் சுற்றி மந்தமாக ஊர்ந்தன. பெப்ரின் வந்தாலும் இப்படித்தான் ஆகும். ஈர இலை போட்டாலும் ஆகும். ஈஸ்வரியே அந்தப் புழுக்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மத்தியானம் கொடுத்துவிட்டுப் போனார். நோயைத் தேடி வந்த டப்பா என்பதால் நானும் நோயைத் தேடித்தான் பார்த்தேன். முக்கால் நிமிடம் பதிவு செய்தேன். வேகமாக ஓட்டினேன். பளபளவென்று ஒரு நீள்வட்டம் வந்தது. நிறுத்தினேன். வட்டம் போட்டேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

குழுவில் படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவும் போட்டேன்: “இதே தொகுதியில புழு வாங்குன எல்லாரும் எரிச்சுப்போடறது நல்லதுங்க.” ஒன்றாகப் பொரித்த அந்தத் தொகுதியில் வாங்கியவர்கள் இரண்டே பேர். ஈஸ்வரி, தங்கவேல்.

மறுநாள் காலை, சமையல் மேடையில் இட்லி வேக வைத்துவிட்டு, பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தூங்குகிறது, பசிக்கிறது என்று சாக்குச் சொன்ன ஈஸ்வரிக்கு இன்னும் பெரிதாக, இன்னும் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பி வாயடைக்க வேண்டும் என்றுதான் வீடியோவை மறுபடி ஓட்டினேன்.

பத்தொன்பதாவது விநாடியில் என் நீள்வட்டம் வந்தது. முதல் நாள் நிறுத்திய இடம் அதுதான். இந்தத் தடவை நல்ல காட்சிக்காக ஓட விட்டேன். அது நீரோட்டத்தோடு இடமிருந்து வலமாக மெதுவாகப் போனது. முப்பத்தொன்றாவது விநாடியில் இரண்டாகப் பிரிந்தது.

இரண்டு உருண்டைகள். ஒட்டிக்கொண்டு வந்து, விலகி, ஒன்று மேலே போயிற்று, ஒன்று கீழே போயிற்று. கொழுப்புத் துளிகள். என் கரைசல் பழையதாகியிருக்க வேண்டும். புதியதாக இருந்தால் கொழுப்பைக் கரைத்திருக்கும்.

பிறகு சொல்வதாகச் சொன்ன அடையாளம் இதுதான்: பெப்ரின் கிருமி சொட்டுக்குள் நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதைக் கல்லூரியில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! பக்கத்தில் இருக்கும் எல்லாம் ஓடும், அது மட்டும் குளிரில் நிற்பதுபோல ஆடும். அதை வீடியோவில் பார்க்கலாம், கண்ணால் பார்க்கலாம். நிறுத்தி எடுத்த படத்தில் எப்படிப் பார்ப்பது? கையில் முக்கால் நிமிடம் இருந்தும் நான் ஒரு விநாடியைத்தான் பார்த்திருந்தேன்.

இட்லிப் பானை அடிப்பிடிக்கும் வாசனை வந்தபிறகுதான் எழுந்தேன்.

இரண்டு போன்கள்

முதலில் ஈஸ்வரி. “அம்மணி, ஒண்ணும் செஞ்சுபோடாதீங்க. நான் வாரேன்.”

“இப்பத்தானுங்க முழிக்குது. எல போடலாமுங்களா?”

“தாராளமாப் போடுங்க.” ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அடுத்து தங்கவேல். என் படத்துக்குக் கீழே குழுவில் ‘சரிங்க மேடம்’ என்று மட்டும் போட்டிருந்தார். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் வேலை பார்ப்பார்கள், கூலிக்கு ஆள் வைப்பதில்லை. பத்து நாளாக இருவரும் மாற்றி மாற்றித்தான் தூங்கியிருந்தார்கள். போன் மூன்று முறை அடித்தது.

“சொல்லுங்க மேடம்.”

“தங்கவேலுங்களா, புழுவை...”

“முடிச்சுப்போட்டேனுங்க மேடம். நேத்துப் பொழுதோடயே. ஷெட்டும் கழுவிப்போட்டோமுங்க. நீங்க சொன்னீங்கல்லங்க.”

அந்த ‘சொன்னீங்கல்லங்க’வில் ஒரு துளிகூடக் குற்றச்சாட்டு இல்லை. வேலையை ஒழுங்காக முடித்தவர் அதைத் தெரிவிக்கும் குரல். சொல்லாமல் வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, உண்மை. பிறகு சொன்னேன்.

“செரிங்க மேடம்” என்றார். சற்றுக் கழித்து, “பரவால்லீங்க” என்றார். கொங்கு நாட்டு மரியாதை சில சமயம் அறைந்ததைவிட அதிகமாக வலிக்கும்.

கிணத்துக்கடவு வரை

உக்கடத்தில் வண்டி ஏறியதும் பழனிச்சாமிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

“மேடம், தப்புன்னெல்லாம் குரூப்புல போட வேண்டாமுங்க. மறுபடி பாத்ததுல நோய் தெரியலைன்னு மட்டும் போட்டுடலாமுங்க. அதுவும் பொய்யில்லீங்களே.”

பொய்யில்லைதான். அப்படிப் போட்டால் என் பெயர் நிற்கும். நாளைக்கு நிஜமாகவே நோய் வந்து ‘எரியுங்கள்’ என்று நான் சொன்னால் கேட்பார்கள். தப்பு என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் என் வட்டத்தை யார் நம்புவார்கள்? இது ஒன்றும் மோசமான வாதம் இல்லை. கிணத்துக்கடவு தாண்டும்வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அப்படிப் போட்டால், தங்கவேல் எரித்தது அவருடைய அவசரம் என்று ஆகிவிடும். ஊர் அப்படித்தான் பேசும். ஈஸ்வரி பொறுத்தாள், இவன் பதறிவிட்டான் என்பார்கள். மனிதர் அதற்கும் ‘பரவால்லீங்க’ என்றுதான் சொல்வார்.

போனை எடுத்துத் தட்டினேன்: ‘நேற்று நான் அனுப்பிய படம் தவறு. வட்டம் போட்டிருப்பது நோய்க்கிருமி இல்லை, கொழுப்பு. வீடியோவை முழுதாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். தங்கவேல் நான் சொன்னபடிதான் செய்தார். தவறு என்னுடையது. ஸ்டெல்லா.’

அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். வயது ஐம்பத்தெட்டு, அழுதால் பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பார் என்று வெளியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு வேளைச் சாப்பாடு

ஈஸ்வரியின் ஷெட்டில் புழுக்கள் விழித்திருந்தன. வாசலில் நிற்கும்போதே இலை தின்னும் சரசரப்பு கேட்டது. ஒவ்வொரு தட்டிலிருந்தும் நானே புழு எடுத்தேன். பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ப் புதுக் கரைசல் கலந்தேன். கேமராவைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, குனிந்து கண்ணாலேயே பார்த்தேன். ஒவ்வொரு சொட்டிலும் பொறுமையாக நின்றேன். எதுவும் நடுங்கவில்லை. கழுத்து மட்டும் பழையபடி வலித்தது.

சொல்லப் போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. “ஒண்ணுமில்லீங்க அம்மணி. ஈர எலைதான் காரணம். சின்னப் புழுவை மட்டும் தனியாப் பிரிச்சுப்போடுங்க.”

ஈஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டது எனக்கா, சாமிக்கா என்று தெரியவில்லை. நான் முந்திக்கொண்டேன். “உங்ககிட்ட நேத்து வண்டியில உக்காந்துட்டுக் கத்திப்போட்டேன்.”

“அது போகுதுங்க. சாப்பிட்டீங்களா?”

இல்லை என்றேன். காலை இட்லிதான் கருகிப் போயிற்றே.

“அப்ப உக்காருங்க. பட்டினியா அனுப்பறதுங்களா?” சோறும் கொள்ளுப் பருப்பும் ரசமும் போட்டார். நேற்று அந்தப் புழுக்களுக்குச் சொன்ன அதே வார்த்தை. அவரிடம் அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். அந்த வழக்கம் இல்லாதிருந்தால் இரண்டு ஷெட்டும் காலியாக இருந்திருக்கும்.

அன்றே தங்கவேல் வீட்டுக்கும் போனேன். கழுவிய ஷெட் பிளீச்சிங் நெடி அடித்தது. தட்டுகளைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார்கள். புழுவுக்கு என்று வெட்டிய மல்பெரியை ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி மோர் கொடுத்தார்.

மூன்று தடவை

ஒரு மாதத்துக்கும் மேலாகத் தங்கவேல் பரிசோதனைக் கூடத்தின் பக்கம் வரவில்லை. ஈஸ்வரியின் கூடுகள் அங்காடிக்குப் போய்விட்டன. குழுவில் படம் போடுவதை நான் நிறுத்தியிருந்தேன். வட்டம் மேடம் என்று யாரும் கூப்பிடுவதில்லை. மரியாதைக்காக விட்டுவிட்டார்கள் என்று தெரியும்.

பிறகு ஒரு காலையில் தங்கவேல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் துணி போட்டு மூடிய ஒரு டப்பா. அதை மேஜையில் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“அந்த வீடியோ இருக்குதுங்களா மேடம்?”

இருந்தது. அழிக்கவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி ஓட விட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நீள்வட்டம் வந்தது, நகர்ந்தது, இரண்டாயிற்று, திரையின் ஓரம் தாண்டி மறைந்தது.

“இன்னொருக்காப் போடுங்க.”

போட்டேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் போட்டேன். மூன்று தடவையும் அது பிரிந்து போயிற்று. மூன்றாவது தடவை முடிந்ததும் திரை கருப்பானது, லேப்டாப்பை நான் மூடவில்லை.

“ஒட்டிட்டு வந்துச்சு, பிரிஞ்சு போயிருச்சு” என்றார் தங்கவேல், தனக்குள் சொல்வதுபோல. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் பழைய படத்தைத் திறந்தார். சிவப்பு வட்டத்துக்குள் நீள்வட்டம் பளபளவென்று இருந்தது. “இதுல மட்டும் இன்னும் ஒட்டிட்டேதானுங்க இருக்குது.”

“என்னை மன்னிச்சுடுங்க” என்றேன். போனில் ஏற்கெனவே சொன்னதுதான். நேருக்கு நேர் அன்றுதான் சொன்னேன்.

அவர் ‘பரவால்லீங்க’ என்று சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு, டப்பாவை மேஜையில் வைத்துத் துணியை எடுத்தார். இரண்டாம் தூக்கம் முடிந்த புதுப் புழுக்கள்.

“இது இந்தத் தடவை மையத்துல இருந்து எறக்குனதுங்க. படம் வேண்டாமுங்க மேடம். நீங்க கண்ணால பாத்துச் சொல்லுங்க.”

“நேரமாகுமுங்களே.”

“ஆகட்டுமுங்க” என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கேமராவைக் கழற்றிவைத்துவிட்டுக் குனிந்தேன்.